லூபெக்கிலிருந்து ரூகன் வரை: பால்டிக் கரையோரம் காரில் போக ஒரு வழிகாட்டி

ஜெர்மனிக்கு வேலைக்கோ படிக்கவோ வந்தவர்கள் முதல் விடுமுறைக்கு ஆல்ப்ஸ் மலைப் பக்கம்தான் ஓடுகிறார்கள். வடக்கே கடல் இருப்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. அந்தக் கடலும் இரண்டு. மேற்கில் இருப்பது வட கடல். அங்கே கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் கண்ணுக்கு எட்டாத தூரம் உள்வாங்கிவிடும். நேரம் பார்க்காமல் போனால் சேற்றைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். கிழக்கில் இருப்பது பால்டிக். அதில் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட இல்லை, எப்போது போய் நின்றாலும் கடல் அங்கேயே இருக்கும். முதல் கடற்கரைப் பயணத்துக்கு அதுதான் சௌகரியம்.

நான் சொல்லப்போகும் பாதை லூபெக் நகரில் தொடங்கி விஸ்மார், ரோஸ்டாக், டார்ஸ் தீபகற்பம், ஸ்ட்ரால்சுண்ட் வழியாக ரூகன் தீவின் வடமுனைக்குப் போகிறது. கரையோரமாகச் சுற்றி வளைத்தாலும் ஏறத்தாழ 350 கி.மீ.தான். ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் பிடித்தால் அரை நாளில் முடித்துவிடலாம், ஆனால் அப்படிப் போவதில் ஒரு அர்த்தமும் இல்லை. இந்தப் பயணத்தின் சூட்சுமம், எங்கே காரை நிறுத்திவிட்டு இறங்குவது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது. இந்தக் கரையில் பார்க்க வேண்டிய நல்ல இடங்களில் பாதிக்கு மேல் கார் உள்ளேயே போகாது.

முதலில் நாள் குறியுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி விடுமுறை. பாதி ஜெர்மனி இங்கேதான் இருக்கும். அறை விலையும் ஏறிவிடும். டார்ஸ் தீபகற்பத்துக்குப் போக இரண்டே சாலை, அவற்றில் சனிக்கிழமை மாட்டினால் ஊர்ந்துதான் போகவேண்டும். என் ஓட்டு செப்டம்பருக்கு. கடல் கோடைச் சூட்டைக் கொஞ்சம் வைத்திருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், கொக்குகளும் வரத் தொடங்கிவிடும். மே கடைசியும் நல்லதுதான், ஆனால் அப்போது தண்ணீரில் காலை வைத்தால் உச்சந்தலை வரை சிலிர்க்கும். எந்த மாதமானாலும் காற்றைத் தடுக்கும் ஒரு மேல்சட்டை கட்டாயம். வெயில் அடிக்கிறதே என்று அதை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆறு இரவுகள் இருந்தால் நிதானமாகப் போகலாம்: லூபெக்கில் ஒன்று, விஸ்மாரிலோ வார்னமுண்டவிலோ ஒன்று, டார்ஸில் இரண்டு, ரூகனில் இரண்டு. நான்கு இரவுதான் கிடைக்கும் என்றால் ரோஸ்டாக்கைத் தாண்டிப் போய்விடுங்கள். டார்ஸில் கை வைக்காதீர்கள்.

லைசென்ஸ், கார், சில விதிகள்

இந்தியா, இலங்கை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை அதை வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகு இங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதித்தான் ஆகவேண்டும். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் அங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு, அசல் லைசென்ஸையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் வாடகைக் கடையிலேயே பயணம் முடிந்துவிடும்.

காரை ஹாம்பர்க்கில் எடுப்பது எளிது. அங்கிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் லூபெக். கியர் மாற்றிப் பழக்கமில்லை என்றால் முன்பதிவிலேயே ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிடுங்கள். சொல்லாவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கவேண்டும், பல இடங்களில் டெபிட் கார்டை ஏற்பதில்லை. முழுக் காப்பீடு எடுத்தாலும், விபத்தில் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று ஒப்பந்தத்தில் தனியாக ஒரு தொகை இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 12 வயதுக்கும் 150 செ.மீ. உயரத்துக்கும் குறைவான குழந்தைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு போகும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

சாலை விதிகளில் புதியவர்கள் தடுமாறுவது ஒன்றில்தான். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே வழி. அது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி, நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போய்க்கொண்டிருந்தாலும் சரி. ஊருக்குள் 50, வெளியே 100 என்பது பொது வேகம். ஆனால் இந்தப் பகுதியில் சாலையின் இருபுறமும் முதிய மரங்கள் கவிந்து நிற்கும் பாதைகள் நிறைய. மரம் தார் விளிம்பிலேயே நிற்கும். பல இடங்களில் 80, 70 என்று பலகை இருக்கும். படத்துக்கு அழகு, சறுக்கினால் ஆபத்து. அந்தி நேரத்தில் மான், காட்டுப்பன்றி குறுக்கே பாயும். சைக்கிள்காரரை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விடவேண்டும். இடமில்லை என்றால் பின்னாலேயே போங்கள், யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள்.

பார்க்கிங்குக்கு இரண்டு விஷயம். ஒன்று, சில்லறை நாணயங்கள். மற்றொன்று, காரின் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் நீல நிற நேர அட்டை. சில இடங்களில் பணம் கட்ட வேண்டாம், வந்த நேரத்தை அதில் காட்டினால் போதும். முள்ளை வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியில் வைக்கவேண்டும், 10.10க்கு வந்தால் 10.30. வாடகைக் காரில் பெரும்பாலும் அட்டை கிடக்கும், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கார்களுக்கு ஆட்டோபானில் சுங்கம் கிடையாது. இந்த வழியில் விதிவிலக்கு இரண்டு சுரங்கப்பாதைகள்: லூபெக்கிலிருந்து டிராவமுண்ட போகும் சாலையில் ஹெர்ரன், ரோஸ்டாக்கில் 2003இல் திறந்த வார்னோ. வார்னோவில் போகவேண்டிய அவசியமே வராது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தங்குமிடம்

ஹோட்டலைவிட, சமையலறையோடு கிடைக்கும் விடுமுறைக் குடியிருப்புகள்தான் நமக்கு லாபம். முக்கியமாகச் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. இந்தக் கரையில் உணவு என்றால் மீன். சைவக்காரருக்குப் பல உணவகங்களில் தயிர்க்கட்டி வைத்த சுட்ட உருளைக்கிழங்கும் பொரித்த உருளைக்கிழங்கும்தான் மிஞ்சும். ஒரு சின்ன ரைஸ் குக்கரும் கொஞ்சம் புளிக்காய்ச்சலும் டிக்கியில் இருந்தால் கவலையில்லை. முன்பதிவு செய்யும்போது படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்ந்ததா, கடைசிச் சுத்தம் செய்யத் தனிக் கட்டணமா என்று பாருங்கள். மலிவாகத் தெரிந்த வீடு அங்கேதான் விலை ஏறும்.

கடற்கரை ஊர்களில் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் விருந்தினர் வரி உண்டு. கட்டியதும் ஓர் அட்டை தருவார்கள். சில ஊர்களில் அதைக் காட்டிப் பேருந்தில் இலவசமாகப் போகலாம். தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் பொதுவாக மூடியிருக்கும். கோடையில் சுற்றுலா ஊர்களில் சில கடைகள் திறந்திருந்தாலும் அதை நம்பிப் பால், ரொட்டி வாங்காமல் இருக்கவேண்டாம்.

லூபெக்

ஆறும் கால்வாயும் சூழ்ந்த ஒரு தீவுதான் பழைய லூபெக். உள்ளே காரோடு நுழைந்தால் ஒருவழித் தெருக்களில் சுற்றிச் சுற்றி வந்து அலுத்துப்போவீர்கள். வெளியே ஒரு பார்க்கிங் கட்டடத்தில் விட்டுவிட்டு ஹோல்ஸ்டன் வாயில் வழியாக நடந்து போங்கள். 1464க்கும் 1478க்கும் இடையே கட்டிய இந்த இரட்டைக் கோபுர வாயில் சதுப்பு நிலத்தில் கொஞ்சம் அமிழ்ந்து சாய்ந்து நிற்கிறது. யூரோ வருவதற்கு முன் 50 மார்க் நோட்டில் இருந்தது இதன் படம்தான்.

பக்கத்திலேயே ஆற்றோரம் வரிசையாக நிற்பவை உப்புக் கிடங்குகள். லூனபுர்க்கிலிருந்து வந்த உப்பு இங்கிருந்து கப்பலேறி வடக்கே போனது. அங்கே பிடித்த ஹெர்ரிங் மீனை உப்பிலிட்டால்தான் ஐரோப்பா முழுவதும் விற்க முடியும். நோன்பு நாட்களில் கறி தின்னாத கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு உப்பு மீன் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹான்சா என்ற வணிக நகரங்களின் கூட்டணிக்கு லூபெக் தலைமை தாங்கியதில் இந்த மீனுக்கும் உப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தப் பணம் செங்கல் கோபுரங்களாக மேலே எழுந்து நிற்பதை இனி வழியெல்லாம் பார்ப்பீர்கள். இந்தக் கரையில் கட்டடக் கல் அரிது, களிமண் நிறைய. அதனால் கதீட்ரல்களையும் செங்கல்லிலேயே கட்டினார்கள்.

அவற்றுக்கெல்லாம் முன்மாதிரி இங்குள்ள மரியா தேவாலயம். அதன் நடுக்கூடத்தின் வளைவு 38.5 மீட்டர் உயரம். செங்கல் வளைவுகளில் உலகிலேயே உயரமானது. உள்ளே தெற்குக் கோபுரத்தடியில் உடைந்த மணிகள் தரையில் புதைந்தாற்போல் கிடக்கும். 1942 மார்ச் 28 இரவு நடந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சில் கோபுரம் எரிந்து விழுந்த மணிகள் அவை. விழுந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். நகரத்தில் வேறு எதையும் பார்க்க நேரமில்லை என்றாலும் இதைப் பாருங்கள். நகராட்சி மன்றத்துக்கு எதிரே, 1806இல் தொடங்கிய நிறுவனமான நீடெரெக்கரின் கடையில் பாதாம் இனிப்பு வாங்கலாம். நம் பாதாம் அல்வாவை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், நெய்யே கிடையாது.

விஸ்மார் போகும் வழி

ஏ20 நெடுஞ்சாலை வேண்டாம். டிராவமுண்ட போய், அங்கிருந்து கார் ஏற்றும் படகில் எதிரே பிரிவால் என்ற தீபகற்பத்துக்குக் கடந்துவிடுங்கள். சில நிமிடம்தான். கரையில் நிற்கும், நான்கு பாய்மரங்கள் கொண்ட கப்பல் 1911இல் கட்டிய பாஸாட். பிரிவாலின் கோடியில்தான் இரண்டு ஜெர்மனிகளின் எல்லை இருந்தது. கிழக்குப் பக்கக் கரையை எல்லைக் காவல் மண்டலமாக மூடி வைத்திருந்ததால் அங்கே ஹோட்டல்களோ வில்லாக்களோ முளைக்கவில்லை. இன்றும் பிரிவாலிலிருந்து போல்டன்ஹாகன் வரை வயலும் மேட்டுக் கரையும் மட்டும்தான். முள்வேலி செய்த தீமைகள் ஆயிரம். இந்த ஒரு நன்மை தெரியாமல் நடந்துவிட்டது.

விஸ்மாரில் சந்தைச் சதுக்கம் 100 மீட்டருக்கு 100 மீட்டர். அதன் நடுவே மண்டபம் போல நிற்பது 1602இல் கட்டிய குடிநீர்க் கட்டடம். 1897 வரை நகரத்துக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போனது. 1648 முதல் 1803 வரை இந்த ஊர் ஸ்வீடன் கையில் இருந்தது. பெரிய கட்டடம் ஏதும் இல்லாமல் தனியாக ஒரு கோபுரம் மட்டும் நிற்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்: போரில் சேதமான மரியா தேவாலயத்தின் கூடத்தை 1960இல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது, கோபுரத்தை மட்டும் விட்டது. துறைமுகத்தில் படகிலேயே மீன் ரொட்டி விற்பார்கள். ஊறிய ஹெர்ரிங் பிடிக்குமோ என்று சந்தேகமிருந்தால் பொரித்த மீன் வைத்ததைக் கேளுங்கள், தப்பே போகாது. கடற்பறவை மேலிருந்து பாய்ந்து கையிலிருப்பதைப் பறிக்கும், முதுகைச் சுவரோடு வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

டோபெரான், வார்னமுண்ட

விஸ்மாரிலிருந்து பி105 சாலையில் கிழக்கே போங்கள். குழந்தைகள் இருந்தால் பாட் டோபெரானில் நிறுத்தவேண்டும். 1886 முதல் ஓடும் மோலி என்ற நீராவி ரயில் இங்கே கடைத்தெருவின் நடுவிலேயே மணியடித்துக்கொண்டு போகும். அதில் ஏறி ஹைலிகென்டாம் வரை போய் வரலாம். 1793இல் மெக்லன்பர்க் பிரபு மருத்துவர் பேச்சைக் கேட்டுக் கடலில் குளித்து, ஜெர்மனியின் முதல் கடல் குளியல் ஊராக அதை ஆக்கினார். டோபெரான் தேவாலயம் 1368இல் அர்ப்பணிக்கப்பட்டது. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

ரோஸ்டாக் பெரிய நகரம், போரில் நிறைய இழந்தது. அங்கே ஒரே ஒரு காரணத்துக்காகப் போகலாம்: மரியா தேவாலயத்தில் 1472இல் செய்த வானியல் கடிகாரம் பழைய இயந்திரத்தோடு இன்னும் ஓடுகிறது. பகல் 12 மணிக்கு அப்போஸ்தலர் பொம்மைகள் வலம் வரும். இப்போதுள்ள நாட்காட்டித் தட்டு 2150 வரை தாங்கும்.

வார்னமுண்ட ரோஸ்டாக்கின் கடல் முகம். மணலில் கூடு போல நிற்கும் பிரம்பு இருக்கைகளை இங்கே நிறையப் பார்ப்பீர்கள். வாத நோயோடு கடற்கரையில் உட்கார ஆசைப்பட்ட ஒரு பெண்மணிக்காக 1882இல் ரோஸ்டாக்கின் கூடை முடையும் வில்ஹெல்ம் பார்டெல்மன் செய்துகொடுத்ததில் தொடங்கியது. நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், காற்றிலிருந்து தப்ப வேறு வழியில்லை. அப்புறம், கடற்கரையில் எஃப்கேகே என்ற மூன்றெழுத்துப் பலகை கண்டால் அது ஆடையில்லாமல் குளிக்கும் பகுதி. கிழக்கு ஜெர்மனிக் காலத்திலிருந்து இங்கே மிகச் சாதாரணமான பழக்கம். குடும்பம் குடும்பமாக இருப்பார்கள். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம், கேமராவை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.

இங்கிருந்து ஹோஹ டூன என்ற எதிர்க்கரைக்குக் கார்ப் படகு உண்டு. சுரங்கப்பாதை வேண்டாம் என்றது இதனால்தான். இறங்கியதும் காட்டு வழியாக கிரால்-மூரிட்ஸ், டீர்ஹாகன் என்று நேரே தீபகற்பத்துக்குள் போய்விடலாம்.

டார்ஸ்

ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் ஆழமில்லாத உப்பங்கழி, நடுவில் ஒரு குறுகிய நிலம். இரண்டு தண்ணீருக்கும் இடையே சில இடங்களில் நடந்தே போய்விடலாம். ஆரென்ஸ்ஹூப் 1890களில் ஓவியர்கள் குடியேறிய ஊர். நாணல் கூரை வீடுகளும் கண்காட்சிக் கூடங்களும் இன்னும் இருக்கின்றன. வீட்டுக் கதவுகளைக் கவனியுங்கள்: சூரியன், பூச்சாடி, மரம் என்று செதுக்கி வண்ணம் தீட்டியிருப்பார்கள். கப்பலில் போன ஆண்கள் குளிர்காலத்தில் ஊர் திரும்பியபோது வளர்ந்த கலை என்று சொல்கிறார்கள்.

ப்ரேரோவில் அறை எடுத்து, ஒரு முழு நாள் காரைத் தொடாதீர்கள். சைக்கிள் வாடகைக்கு எங்கும் கிடைக்கும். 1848இல் கட்டிய டார்ஸர் ஓர்ட் கலங்கரை விளக்கத்துக்குக் காட்டு வழியில் சுமார் 5 கி.மீ.; தேசியப் பூங்கா என்பதால் கார் போகாது, நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை வண்டி இருக்கிறது. அங்கிருந்து மேற்குக் கடற்கரைக்கு இறங்குங்கள். காட்டின் விளிம்பைக் கடல் தின்றுகொண்டே வருகிறது. வேரோடு சாய்ந்த மரங்கள் மணலிலேயே வெளுத்துக் கிடக்கும், யாரும் அகற்றுவதில்லை. மேற்கில் அரித்த மணலை அதே கடல் வடமுனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அங்கே புது நிலம் வளர்கிறது. கடைகிடை ஒன்றும் இல்லை, தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் தெற்கே போகும் பெருங்கொக்குகள் பல்லாயிரக்கணக்கில் இந்த உப்பங்கழியில் இரவு தங்கும். மாலையில் ஸிங்ஸ்ட் பக்கம் சத்தம் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். ஸிங்ஸ்டிலிருந்து பார்த் நகருக்குப் பாலம் கடந்து வெளியேறவேண்டும். படகு போகும் நேரத்தில் பாலம் திறப்பார்கள், எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஸ்ட்ரால்சுண்ட், ரூகன்

ஸ்ட்ரால்சுண்டுக்கு அரை நாள் போதும். நகர மன்றத்தின் முகப்பில் மேல்பாதி வெறும் அலங்காரச் சுவர், அதன் வட்ட ஓட்டைகளில் வானம் தெரியும். இங்குள்ள மரியா தேவாலயக் கோபுரம் ஒரு காலத்தில் 151 மீட்டர் உயர்ந்து நின்றது. 1647இல் மின்னல் தாக்கிக் கூர்முனை எரிந்துபோனது. குழந்தைகளுக்கு 2008இல் திறந்த ஓட்சேயானியம் கடல் காட்சியகம், துறைமுகத்திலேயே.

தீவுக்குப் போக இரண்டு வழி: 1936இன் பழைய அணை, 2007இல் திறந்த உயரப் பாலம். பழையதில் கப்பலுக்காகப் பாலம் தூக்கும் நேரத்தில் மாட்டிக்கொள்ளலாம். புதிய பாலத்தில் போங்கள், கட்டணம் இல்லை.

ரூகன் 926 சதுர கி.மீ.; ஜெர்மனியின் மிகப் பெரிய தீவு. முதல் நாள் யாஸ்மண்ட் தேசியப் பூங்கா. 118 மீட்டர் உயரச் சுண்ணப் பாறையான கோனிக்ஸ்டூலுக்கு ஹாகன் கிராமத்தில் காரை விட்டு, சுமார் 3 கி.மீ. பீச் மரக் காட்டு வழியில் நடக்கலாம், அல்லது பேருந்து. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த காடு இது. பாறை உச்சியில் 2023 முதல் தொங்கு நடைபாதை இருக்கிறது, நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் பாறையின் மேல் நின்றால் பாறை தெரியாது! பக்கத்து விக்டோரியா மேட்டிலிருந்து பாருங்கள், அங்கே காசும் இல்லை. மழைக்குப் பின்னும் பனி உருகும்போதும் பாறை அடிவாரத்தில் நடக்கக்கூடாது. ஓவியங்களிலும் அஞ்சலட்டைகளிலும் வந்த விஸ்ஸோவர் பாறை முனைகள் 2005 பிப்ரவரியில் கடலுக்குள் சரிந்தே போயின.

பின்ஸ் வெள்ளை மர மாடங்கள் கொண்ட பழைய வில்லாக்களின் ஊர். அதற்குச் சற்று வடக்கே ப்ரோரா: நாஜி அரசு 20,000 பேருக்கு விடுமுறை விடுதியாக 1936இல் கட்டத் தொடங்கிய, 4.5 கி.மீ. நீண்ட கான்கிரீட் கட்டடம். போர் வந்ததால் ஒருவர்கூட அதில் விடுமுறை கழிக்கவில்லை. இப்போது பெரும்பகுதி சொகுசுக் குடியிருப்பு. அங்கே அறை எடுப்பதா என்பது அவரவர் மனசு, நான் எடுக்கமாட்டேன். ஆனால் அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் கடந்து போகவும் கூடாது.

இரண்டாம் நாள் வடமுனை, கேப் அர்கோனா. புட்கார்டனில் கார் நின்றுவிடும். கட்டடக் கலைஞர் ஷின்கெல் காலத்துச் சதுரச் செங்கல் கலங்கரை விளக்கமும் 1902ஆம் ஆண்டின் உருண்டைக் கலங்கரை விளக்கமும் அருகருகே நிற்கும். அதற்கு அப்பால் ஸ்லாவிய மக்களின் ஸ்வாந்தெவித் என்ற தெய்வத்தின் கோயில் இருந்த மண்கோட்டை. 1168இல் டென்மார்க் மன்னர் வால்டெமார் அதைப் பிடித்துச் சிலையை வெட்டிச் சாய்த்தார். கோட்டையில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. திரும்பும்போது கரையோரமாக வித் என்ற குட்டி மீனவர் கிராமம் வழியாக நடந்து வாருங்கள்.

கடற்கரையில் அம்பர் என்ற, கல்லாக இறுகிய பழைய மரப்பிசின் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. போர்க்கால வெடிபொருளிலிருந்து வந்த பாஸ்பரஸ் துண்டுகள் அம்பர் போலவே இருக்கும். காய்ந்ததும் தானாகத் தீப்பிடிக்கும். கிழக்கே உசேடோம் தீவில்தான் அதிகம், இருந்தாலும் எங்கே பொறுக்கினாலும் பையில் போடாமல் மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

திரும்புதல்

திரும்ப ஏ20 போதும், ஹாம்பர்க்குக்குச் சுமார் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2017இல் ட்ரிப்சேஸ் அருகே இந்த நெடுஞ்சாலையின் ஒரு பகுதி சதுப்புக்குள் அமிழ்ந்தது, இப்போது சரிசெய்துவிட்டார்கள். வாகனங்கள் தேங்கி நின்றால் இடது தடத்தில் இருப்பவர் இடது ஓரமும் மற்றவர்கள் வலது ஓரமும் ஒதுங்கி, ஆம்புலன்ஸுக்கு நடுவில் வழி விடவேண்டும். செய்யாவிட்டால் அபராதம் உண்டு. டாங்கியை நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, காரின் நான்கு பக்கமும் சக்கரங்களும் தெரியப் படம் எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். உள்ளே கிடக்கும் மணலை முந்தின நாளே தட்டிவிடுங்கள், மிக அதிகமாக இருந்தால் சுத்தக் கட்டணம் கேட்பார்கள்.